விளக்கைச் சுற்றிய வளையம்

தையற்காரிக்குத் தலைவலி வரப்போவதை வயிறுதான் முதலில் சொல்லும். சாப்பிட்டது செரிக்காமல் நெஞ்சைக் கரிக்கும். பிறகு இடப்பக்க நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். வாந்தி எடுத்தபின்தான் அடங்கும். வைத்தியர் நாடியையும் நாக்கையும் பார்த்துவிட்டு, சுக்கு, தனியா, சீரகம் வறுத்து இடித்த தூளைக் கொடுத்தார்.

"இது உன் வயித்துக்குன்னு குடுக்கறது. ஆளப் பாக்காம நான் யாருக்கும் மருந்து தர்றதில்லம்மா."

தூள் நன்றாகக் கேட்டது. அதன்பின் அவளுக்கு அதை மிஞ்சிய மருந்து உலகத்தில் இல்லை.

கணவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். இடக்கண் சிறுவயதிலிருந்தே மங்கல்; பிழைப்பு முழுவதும் லென்ஸ் செருகிய வலக்கண்ணில். ஒருநாள் அவருக்கும் வலப்பக்கம் தலைவலி வந்தது, வாந்தியோடு.

"என் வியாதி உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?"

"இத்தன வருஷம் உன் சமையலச் சாப்பிட்டா வேற என்ன ஒட்டும்?"

வைத்தியரிடம் வர அவர் மசியவில்லை. தனக்கென்று சொல்லித் தூளை வாங்கிவந்து, அவருக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தூங்கினார், எழுந்தபோது வலி இல்லை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அது தானாக வந்து தானாகப் போகிற வலி என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த முறை வலி வந்தபோது அவர், "விளக்கச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுதே" என்றார்.

"பித்தம் ஏறினா எனக்கும்தான் கண்ணுல பூச்சி பறக்கும். குடிங்க, சரியாயிடும்."

அதுவும் சரியாயிற்று. அதற்கடுத்த முறை ஆகவில்லை. கண் செக்கச்செவேலென்று சிவந்தது. மறுபடி கஷாயம் வைத்தாள். கேட்கும் கேட்கும் என்று பொழுது சாயும்வரை காத்திருந்தாள்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. வாந்தியும் அதனாலதான்" என்றார் கண் மருத்துவர். "வளையம் தெரிஞ்சப்பவே வந்திருக்கலாமே."

வலக்கண் போனது போனதுதான். இடக்கண்ணில் லென்ஸைச் செருகிப் பார்த்தார். திருகாணிகள் கரும்புள்ளிகளாகக் கலங்கின. கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார். அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள்.

பிறகொரு பகலில் அவளுக்கு வலி வந்தது. தூளைத் தொட அவளுக்கு மனமில்லை. சமையலறையில் பாத்திரம் உருண்டது. சுக்கு மணக்க, சுவரைத் தடவிக்கொண்டே அவர் டம்ளரோடு வந்தார்.

"எனக்கு வேணாங்க."

"உன் வயித்துக்குன்னுதானே குடுத்தாரு. அது மேல என்ன கோவம்? ஆறிடும், குடி."

குடித்தாள். சற்று நேரத்தில் வலி விட்டுவிட்டது.

"கேட்டுச்சா?"

"இன்னும் இல்லங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.