ஓணானின் விளக்கை அணைத்தது யார்

மகள் கேட்டது பச்சோந்தி. அதை இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று செல்லப்பிராணிக் கடைக்காரன் கையை விரித்தான். பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு ஆள் பார்த்து விற்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். கடைசியில் தாடி ஓணான் என்று ஒன்றைக் காட்டினான். பகலிலேயே கண்ணை மூடிக் கிடந்ததை வேண்டாம் என்றேன். வாலடி பருத்து, கண் தெளிவாக, என்னை ஒரு பக்கமாக முறைத்துக்கொண்டிருந்ததைத் தெரிவு செய்தேன். ஆளை நம்பாத பார்வை. எனக்குப் பிடித்துப்போனது.

கண்ணாடித் தொட்டியின் ஒரு மூலையில் சூடு தரும் விளக்கு, மறு மூலை குளிர்ச்சி. காலையிலிருந்து இரவு எட்டு மணிவரை விளக்கு எரிய வேண்டும். சாப்பிட்ட பிறகு குளிரில் கிடந்தால் வயிற்றில் உள்ளது செமிக்காமல் அழுகும், செத்துவிடும் என்றான் கடைக்காரன். அதை மூன்று தரம் சொல்லவைத்துக் கேட்டேன்.

பாபகூரா என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு பழைய மரவீடு. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையும். மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஓணானுக்குச் சில்வண்டு போடுவாள். மூன்றாவது கிழமை ஒரு பின்னேரம் பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது. ஓணான் கறுத்துப்போய், வயிறு ஊதிக் கிடந்தது. மகள் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். அடுத்தடுத்த நாளும் அதே கதை.

பல்ப் பழுது என்று கடைக்குக் கொண்டு போனேன். அவன் மாட்டிக் காட்டினான், பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் கணவர்தான். காட்டில் கிடக்கிறதை வீட்டுக்குள் வைத்துச் சீராட்டுவதா என்று முதல்நாளே முகம் சுளித்தவர். நீங்களா விளக்கை நூர்த்தது என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் போய்ச் சுவிட்சைப் போட்டார். பேசாமல் இருந்ததே எனக்குப் போதும். நாலு நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவர் ஓவர்டைம். வீட்டில் நானும் மகளும்தான். இருட்டும் நேரம் விளக்கு மறுபடி அணைந்திருந்தது. ஓணான் இரண்டு நாளாக எதையும் தொடவில்லை. இனி ஒருநாள் குளிரில் கிடந்தால் தாங்காது. ஆக, மகள்தான். விளையாட்டுக்குச் செய்துவிட்டு அழுது நடிக்கிறாளோ?

மறுநாளும் அவருக்கு ஓவர்டைம். பயற்றங்காய் முறிக்கிற சாட்டில் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து, கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தேன். அவள் மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வெளியே இருட்டத் தொடங்கியது. பக்கத்து இராணுவ முகாமிலிருந்து ஒரு ஹெலிகொப்டர் கிளம்பி எங்கள் கூரைக்கு மேலால் போனது.

சத்தம் ஓய்ந்தபோது அறை இருட்டாக இருந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என் விரல் தொட்டி விளக்கின் சுவிட்சில் இருந்தது. பயற்றங்காய் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் இரவில் ஹெலி வந்தால் வெளிச்சம் தெரிகிற வீட்டைப் பார்த்துத்தான் சுடுவார்கள். அதை விட்டு வந்து மூன்று வருடம். எழும்பியதுகூட எனக்கு நினைவில்லை.

மேசைக்குக் கீழிருந்து மகளின் குரல் வந்தது.

“ஹெலி வந்தா எப்பவும் நீங்கள்தானம்மா நூர்க்கிறனீங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு அப்பா சொன்னவர்.”

விளக்கைப் போட்டேன். வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளை மேசைக்குக் கீழிருந்து வெளியே எடுக்கச் சற்று நேரம் பிடித்தது.

எட்டு மணிக்கு அவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே தொட்டியை எட்டிப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அவருக்குச் சாப்பாடு போட எழும்பினேன்.