ஓரகத்தி கொண்டுவந்த சணப்பு விதை

என் ஓரகத்தி எதையாவது சும்மா குடுக்கிறான்னா எனக்குச் சந்தேகம் வந்துடும்.

கிள்ளானில் மின்கம்பிக்குக் கீழ இருக்கிற துண்டு நிலத்தை அவளும் நானும் பாதிப் பாதியா பிரிச்சி சோளம் போடுறோம். பிரிக்பீல்ட்ஸ் பாசார் மாலாம் ராச்சந்தையில அவிச்சி விக்கிறதும் ஒரே வரிசையிலதான். நேர்ல அக்கான்னு கூப்பிடுவேன். மனசுக்குள்ள அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

போன வருஷம் என் சோளம் வெளிறிப்போய், கதிர் சின்னதா வந்திச்சி. உடனே அவ ஒரு மூட்டை சணப்பு விதையோட வந்து நின்னா.

"இந்த வாட்டி உன் பக்கம் சோளம் போடாதே, இதைத் தூவிவிடு. பூ வரும்போது வெட்டி மண்ணுலயே மடக்கிடலாம். தழைச்சத்து முழுக்க அடுத்த சோளத்துக்குத்தான். உரமே வாங்க வேணாம் லா."

அடேங்கப்பா, என்ன அக்கறை! நான் சோளம் போடலைன்னா என்கிட்ட வாங்குறவங்க எங்க போவாங்க? அவ கடைக்குத்தானே! ஆனா என் வீட்டுக்காரருக்கு அண்ணி சொன்னா வேதவாக்கு. அவரே விதையைத் தூவிட்டு வந்துட்டார்.

பயந்த மாதிரியே ஆச்சி. செலாயாங் மொத்தச் சந்தையில நான் வாங்கி வித்த சோளத்தைக் கடிச்சிட்டு வாடிக்கைக்காரங்க மூஞ்சியைச் சுளிச்சாங்க. வழக்கமா வர்ற அங்கிள் ஒருத்தர் என்னைப் பார்க்காத மாதிரி அவ கடைக்குப் போனார். எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சி.

சணப்பு ஆளுயரம் வளர்ந்து மஞ்சப் பூ விட்டதும், அவ புல் வெட்டுற மெஷினோட வந்தா. அவ வீட்டுல ஆடு இருக்கு. ஓ, இதுக்குத்தானா! பெயிண்ட் டின்னைக் கவுத்துப்போட்டு உட்கார்ந்து கண்கொட்டாம பார்த்தேன். ஒரு தழைகூட ஆட்டுக்குப் போகலை. எல்லாத்தையும் என் மண்ணுலயே மடக்கினா. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிச்சி.

அது மக்கினப்புறம் சோளம் போட்டேன். அப்படி ஒரு கரும்பச்சை! கதிரெல்லாம் கொழுகொழுன்னு வந்திச்சி. மறுபடியும் சோளமே போட்ட அவ பக்கம்தான் வெளிறிக் கிடந்திச்சி. அந்த அங்கிளும் என் கடைக்கே திரும்பிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கலை. இவளைப் போயா இத்தனை மாசம் திட்டினோம்?

பொறுக்க முடியாம கேட்டுட்டேன். "அக்கா, இவ்ளோ நல்லதுன்னா ஏன் உங்க பக்கம் முதல்ல போடலை?"

அவ கொஞ்சம்கூட கூசலை. "வருமா வராதான்னு யாருக்குத் தெரியும்? என் நிலத்துல போட்டு, கெட்டுப்போச்சின்னா?"

அப்பாடா! அன்னிக்கி நல்லா சாப்பிட்டேன். எங்க அவ நல்லவளா இருந்துடுவாளோன்னு பயந்தே போயிட்டேன்.