வணக்கப் பந்து

நான் வேலை செய்யும் கார் தொழிற்சாலைக்குக் கதவோர ரப்பர் பட்டைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். தஞ்சோங் மாலிம் வெயிலில் கிடந்த பெட்டியைப் பிரித்தால் சூடாக ஒரு வாசனை எழும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நான் கொஞ்ச நேரம் நிற்பேன். தரப் பரிசோதனைப் பிரிவு என்பதால், எதையோ சோதிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அது ஈப்போவில் நான் படித்த கல்லூரியின் பந்து அறை வாசனை. அங்கே இருந்தவற்றை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும்: காற்று இறங்கிய வாலிபால்கள், ஓரம் பிரிந்த வலை, சைக்கிள் பம்பு, யாருடையது என்று தெரியாத முழங்கால் உறைகள், தைலக் குப்பி, கடைசியாக எங்கள் கோச்.

கோச்சின் பெயர் புஷ்பவதி. சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பிரட்டுத் திடலில், மாலையில் வலை கட்டி ஆண்கள் ஆடுவார்களாம். ஆள் குறைந்த நாள்களில் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஆள் குறையாத நாள்களிலும். தோட்டம் விற்கப்பட்டு எல்லாரும் கலைந்தபோது, அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் வாலிபால்தான். எங்கள் கல்லூரியில் பெண்கள் அணிக்கு ஆள் தேடினார்கள். வந்துவிட்டார்.

வரும்போது ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தார். அடுத்த தோட்டத்து அணி லாரியில் வந்து இறங்கினால், முதல் சர்வீஸை ஓங்கி அடிக்கக் கூடாது. கையைத் தாழ்த்தி, உயரமாக, மெதுவாக, எதிரணித் தலைவரின் கைக்கே போட வேண்டும். வந்தவர்களுக்கு அது வணக்கம். அதற்குப் பிறகுதான் ஆட்டம். கல்லூரியிலும் நாணயம் சுண்டி சர்வீஸ் எங்களுக்குக் கிடைத்தால் அப்படித்தான் தொடங்கினோம். கடைசி செட்டுக்கு மறுபடி சுண்டுவார்கள். அப்போதும் வணக்கப் பந்துதான்.

இயந்திரவியல் மாணவியான எனக்கு இது வீண் விரயமாகப் பட்டது.

"கோச், அவங்க திருப்பி அடிச்சிட்டா பாயிண்ட் போயிருமே?"

"போனா என்னா, ஒன் சோத்துலயா கொறயப் போவுது? போடு லா."

எங்கள் அணித் தலைவி கலை பின்னாலிருந்து, "விருந்தாளிக்குத் தண்ணி குடுத்தாலும் இவ அளந்துதான் குடுப்பா, கோச்" என்றாள்.

மற்றக் கல்லூரிகள் முதலில் சிரித்தன, பிறகு பழகிவிட்டன. தஞ்சோங் மாலிம் அணித் தலைவி சுரயா, உயரமான மலாய்ப் பெண், அதற்கு மலாயில் 'போலா சலாம்' என்று பெயரே வைத்துவிட்டாள். வந்த பந்தை அவளும் மெதுவாகத்தான் திருப்பி அனுப்புவாள். அவர்களுக்கு சர்வீஸ் கிடைத்தால் எங்களுக்கும் சலாம் வரும்.

என் இரண்டாம் வருடத்தில் புதிய விளையாட்டு அதிகாரி வந்தார். இந்த முறை கோப்பை வராவிட்டால் பெண்கள் அணியும் வேண்டாம், கோச்சும் வேண்டாம் என்று எங்கள் எதிரிலேயே சொன்னார். கோச் தலையாட்டினார். அன்று மாலை, நன்றாகவே கட்டியிருந்த வலையை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டினார்.

இறுதி ஆட்டம் சுரயாவின் அணியோடு. ஆளுக்கு இரண்டு செட். ஐந்தாவது செட்டுக்கு நாணயம் எங்கள் பக்கம் விழுந்தது. கலை பந்தோடு கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். வலைக்கு அப்பால் சுரயா சிரித்துக்கொண்டு, கைகளைத் தளரவிட்டு நின்றிருந்தாள்.

"அடி" என்றார் கோச்.

"கோச்?"

"அடின்னா அடி லா."

கலை அடித்தாள். பந்து சுரயாவின் காலடியில் விழுந்து எகிறிப் போனது. அவள் கை அசையவே இல்லை. பந்து போன திசையை அவள் பார்க்கவில்லை; எங்கள் கோச்சைப் பார்த்தாள்.

பதினைந்துக்குப் பதின்மூன்று. வென்றோம். அணி பிழைத்தது, கோச்சின் வேலையும் பிழைத்தது. கை குலுக்கும்போது சுரயா மலாயில், "கோச், சலாம் எங்கே?" என்று கேட்டாள். அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. கோச் அவள் கையைப் பிடித்தபடி நின்றார்.

பேருந்தில் நாங்கள் கோப்பைக்குள் சிராப் என்னும் சிவப்புச் சர்பத்தை ஊற்றி மாற்றி மாற்றிக் குடித்தோம். "சத்தம் போடாதீங்கடி, கோச் தூங்குறாங்க" என்றாள் கலை. கோச்சின் கண் மூடியிருந்தது. விரல்கள் மட்டும் விசில் கயிற்றை முறுக்கிக்கொண்டே வந்தன.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டமும் அவர்களோடுதான். சுரயா படிப்பு முடித்துப் போயிருந்தாள். சர்வீஸ் எங்களுக்கு. புதிதாகச் சேர்ந்த பெண், "கோச், வணக்கப் பந்து போடவா?" என்று கேட்டாள். கோச் வலைக்கு அப்பால் பார்த்தார். ஆறு பேரும் முழங்கால் மடித்து, கைகளை இறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"வேணாம்மா. போட்டாலும் நம்ப மாட்டாங்க."

அந்த வருட முடிவில் வேலையை விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. இப்போது பாகான் டத்தோவில் தங்கை வீட்டில் இருக்கிறார்.

சுங்காயில் அந்தத் திடல் இருந்த இடம் இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். போன வருடம் கல்லூரியும் பெண்கள் அணியைக் கலைத்தது. சேர ஆள் இல்லையாம். ஆடுகளத்தில் கார் நிறுத்துகிறார்கள். வேறு யாரோ சொல்லித் தெரிய வேண்டாமே என்று நானே போன் செய்தேன்.

"கோச், டீம மூடிட்டாங்க."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அந்த சுரயாப் புள்ள இப்ப எங்க இருக்கு, தெரியுமா?" என்றார்.

"தெரியல, கோச்."

"சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.