தண்ணீர் வராத ஐப்பசி

முகப்பேரில் நாங்கள் தரைத்தளத்தில் வீடு வாங்கியபோது, வாசலுக்கு எதிரே ஒரு கால்வாய் ஓடுகிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதன் தலையில் காங்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகைமேல் ஜூஸ் கடை, இஸ்திரி வண்டி, எங்கள் பைக்குகள். மழைக்காலத்தில் மட்டும் போக வழியில்லாத தண்ணீர் நேராக எங்கள் கூடத்துக்குள் வரும்.

அதற்கு எங்கள் பிளாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் கீழ்வீட்டார் மேல்வீடுகளுக்குப் போய்விட வேண்டியது. எங்களுக்கு வாய்த்தது இரண்டாம் மாடி. ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அங்கே தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டார்; மகள் வெளிநாட்டில். மற்ற நாட்களில் படிக்கட்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். மழை வந்தால் ஆளே வேறு. பெரிய குக்கரில் சாம்பார் சாதம் வைப்பார். கேரம் போர்டை இறக்குவார். என் மனைவி தோற்றால், "இன்னாம்மா, தென்காசில கேரம் போர்டே கெடியாதா?" என்று வம்புக்கிழுப்பார். தண்ணீர் வடிய இரண்டு மூன்று நாளாகும்.

பிறகு கால்வாயைத் திறக்கப் போவதாகப் பேச்சு வந்தது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சரி என்றோம். இரண்டாம் மாடிக்காரர் மட்டும் எழுந்தார்.

"தொறந்தா நாறும் நைனா. கொசு வேற. இத்தினி வருசம் மூடிக்கினுதானே கீது, அப்டியே உடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! "உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தா இப்படிப் பேசுவீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பலகைகளைப் பெயர்த்தார்கள். உள்ளிருந்து மெத்தை, ஹெல்மெட், சைக்கிள் சக்கரம் என்று என்னென்னவோ வந்தன. ஜூஸ் கடை அடுத்த தெருவுக்குப் போனது. பைக் நிறுத்த இடமில்லாமல் தினமும் சண்டை. நாற்றமும் இருந்தது, அவர் சொன்னது பொய்யில்லை. கரை கட்டி முடித்தபின் கொக்குகள் வந்தன. அவற்றைப் படமெடுத்து வாட்ஸப்பில் போடாதவர் பாக்கியில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நானும் மனைவியும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். தெருத்தண்ணீர் முழுக்கக் கால்வாயில் இறங்கி ஓடியது. வாசற்படிவரைகூட வரவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாலையில் அவர் இறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் படியில் நின்று எங்கள் கூடத்தைப் பார்த்தார்.

"இன்னா நைனா, தண்ணி வர்லியா?"

"வரலை சார். சொட்டுத் தண்ணி இல்லை."

"நல்லதுதான்" என்றவர், போகாமல் நின்றார். "உங்களுக்கும் சேத்து சோறு வெச்சிட்டேன்."

வருடத்தில் அந்த இரண்டு மூன்று நாள்தான் அவர் வீட்டில் ஆள் சத்தம். அதற்காகத்தான் கூட்டத்தில் எழுந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலே போய்ச் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டுத் திரும்பினால், கூடத்தில் எங்களுக்குப் பாய் விரித்து, தலையணைக்கு உறையும் மாற்றி வைத்திருந்தார். நாங்கள் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"போங்க, உங்க ஊட்லயே படுங்க" என்றார். "தரை காஞ்சிதானே கீது."