மேயர் குடிக்காத தண்ணீர்

போன வாரம் எங்கள் திருநகர் வீட்டில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வந்திருந்தார். கழுவி முடித்து, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார். நெடி கூடம் வரைக்கும் வந்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உங்களுக்கு மல்லிகைப்பூ வாசனை பழைய நாட்களைக் கொண்டுவரலாம். மதுரைக்காரனுக்கு அதுதான் முறையும்கூட. எனக்கு என்னவோ பிளீச்சிங் பவுடர்தான் கொண்டுவருகிறது. கூடவே ஒரு மனிதரின் முகத்தையும். அந்த முகத்தின் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

அப்போது நான் ஒரு மாலைப் பத்திரிகையில் நிருபர். மொத்தமே நாலு பக்கம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் விற்றால் பத்திரிகை, அதற்கு மேல் வடை மடிக்கிற காகிதம். மாமன்றக் கூட்டங்களை எழுதுவது என் பொறுப்பு. சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பேன். நான் பேனாவை எடுத்ததும் கவுன்சிலர்கள் குரலை உயர்த்துகிறார்கள் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நிற்கும் புகைப்படக்காரர் கேமராவைத் தூக்குவதுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதே பத்திரிகையில் சேதுவும் இருந்தான். சோழவந்தான்காரன். அவன் அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்து இறந்துபோனவர். அம்மா மட்டும் ஊரில். செல்லூரில் ஒரே அறையில் நாங்கள் மூன்று வருஷம் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்தான் என்றால் பையைத் திறக்கும்போதே அறை முழுக்க வெற்றிலை மணக்கும். எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் அவனால் வந்தது. என் கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன் அவன் படிப்பான். ஒரு விஷயத்திலிருந்து இன்னொரு விஷயத்துக்குத் தாவும்போதெல்லாம் நான் "நிற்க" என்று எழுதுவேன். அதை வைத்துக் கிண்டல் செய்வான். "எப்பப் பாத்தாலும் நிற்க, நிற்கன்னு எழுதுற. படிக்கிறவன் கொஞ்சம் உக்காரட்டும்டா மாப்ள."

அந்த வருஷம் புது மேயர் வந்தார். வெறும் கவுன்சிலராக இருந்தபோது கோரிப்பாளையம் டீக்கடையில் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்தான். என்னைத் தோளில் தட்டி மாப்ள என்பார். சிவப்பு அங்கியும் கழுத்தில் தங்கச் சங்கிலியும் ஏறியதும் மாப்ள போய், "வாங்க நிருபர்" வந்தது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகைக்காரர்களைப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். சேதுவைக் கூப்பிட்டுக்கொண்டார். இனி மாமன்றச் செய்தி எனக்குத்தான் முதலில் கிடைக்கும் என்று அன்றைக்கு அவனுக்கு நான்தான் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவு.

கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் மும்தாஜ் அக்கா என்று ஒருவர் இருந்தார். காலையில் இடியாப்பம் அவித்து விற்பவர். வாரத்தில் மூன்று நாள் என் காலைச் சாப்பாடு அங்கேதான். ஒருநாள் போனபோது அடுப்பு எரியவில்லை.

"இன்னிக்கு இல்ல தம்பி. இந்தத் தண்ணிய வச்சு என்னத்த அவிக்கிறது? மோந்து பாருங்க."

குடத்தை மோந்து பார்த்தேன். சாக்கடை நாற்றம். அந்தச் சந்தில் புதிதாகக் குடிதண்ணீர்க் குழாய் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தனியாகப் பள்ளம் தோண்டச் சோம்பி, ஒப்பந்தக்காரர் சாக்கடைப் பள்ளத்திலேயே குழாயைப் போட்டு மூடியிருந்தார். மேலே கொஞ்சம் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். சந்து முழுக்க அந்த நெடிதான். மும்தாஜ் அக்காவின் ஒன்பது வயது மகள் மஞ்சள்காமாலையோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள்.

எழுதினேன். முதல் பக்கத்தில் வந்தது. அந்த ஒப்பந்தக்காரர் மேயருக்கு வேண்டியவர் என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருந்தேன். அன்றைக்குச் சந்துக்காரர்கள் எனக்குக் கொடுத்த மரியாதையை என்னவென்று சொல்ல! ஒரு பெரியவர் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, அதே முதல் பக்கத்தில், என் பெயர் போட்டு இன்னொரு செய்தி வந்தது. நான் எழுதாத செய்தி. "அந்தத் தண்ணீரை நானே குடித்துப் பார்த்தேன். சுவையாகவே இருந்தது. அவசரத்தில் எழுதியதற்கு மனமார வருந்துகிறேன். நிற்க. மேயர் அவர்களின் சீரிய முயற்சியால்..." அதற்கு மேல் படிக்க முடியவில்லை. ஆசிரியரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மேயர் ஆபீசுல இருந்து வந்துச்சு தம்பி. உங்க நடைதான, அதான் போட்டுட்டோம்" என்றார்.

அறைக்குப் போனேன். சேது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"எழுதுனது நீதானடா?"

"ஒன்னைய வேலையை விட்டுத் தூக்கச் சொல்லிட்டாரு. நான்தான் கெஞ்சி இம்புட்டோட முடிச்சேன். நன்றி சொல்லாட்டியும் பரவாயில்ல."

"நான் குடிச்சேன்னு எழுதிருக்கியேடா."

"ஒரு வரிதானடா மாப்ள. யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?"

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவன் மேல் எறிந்திருப்பேன். எறியவில்லை. அன்றைக்கே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனேன். மறுநாள் சந்துக்குப் போனபோது மும்தாஜ் அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரியில எம்புள்ள கெடக்குது. நீங்க சுவையா இருந்துச்சுன்னு எழுதுறீங்க. நல்லா இருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அது பட்ஜெட் மாதம், வாராவாரம் கூட்டம். என்னை அனுப்புவதை நிறுத்தவில்லை. அடங்கிப்போனவனை முன்வரிசையில் உட்காரவைத்துப் பார்ப்பதில் மேயருக்கு ஒரு சுகம். "என்ன நிருபர், தண்ணியெல்லாம் குடிச்சீங்களா?" என்று மேடையிலிருந்தே கேட்பார். கவுன்சிலர்கள் சிரிப்பார்கள். பக்கத்தில் கோப்போடு நிற்கும் சேதுவும் சிரிப்பான். அந்தச் சிரிப்பை மூன்று கூட்டங்கள் பொறுத்துக்கொண்டேன். நாலாவது கூட்டத்துக்கு முன் எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவரிடம் பார்வையாளர் அனுமதிச் சீட்டு ஒன்று வாங்கிக்கொண்டு சந்துக்குப் போனேன்.

மும்தாஜ் அக்கா கதவை மூடப் போனார். நான் மூடவிடவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். "புதன்கிழமை காலைல பத்தரைக்குக் கூட்டம் அக்கா. இந்தச் சீட்டைக் காட்டுனா உள்ள விடுவாங்க. குழாய்த் தண்ணி ஒரு சொம்பு கொண்டு வாங்க."

அவர் சீட்டை வெகுநேரம் பார்த்தார். "வாரேன். ஒங்களுக்காக இல்ல. எம்புள்ளைக்காக வாரேன்."

எனக்காகத்தான் கூப்பிட்டேன் என்பதை இப்போது உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். அவர் மகளை நான் அந்த ஒரு மாதத்தில் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு மேயர் குடிக்க வேண்டும். அல்லது குடிக்க மாட்டேன் என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். எது நடந்தாலும் சரி.

புதன்கிழமை மேயர் வைகையின் வடகரைக்குத் தான் கொண்டுவந்த நல்ல தண்ணீரைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டிருந்தார். பார்வையாளர் பகுதியில் மும்தாஜ் அக்கா எழுந்தார். முந்தானைக்குள்ளிருந்து எவர்சில்வர் சொம்பு வெளியே வந்தது. டவாலி போட்ட சேவகர் தடுக்க ஓடினார். எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள், "விடுய்யா அந்தம்மாவ!" என்று மேசையைத் தட்டினார்கள். புகைப்படக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மேயர் சிரித்தார். "வரட்டும், வரட்டும். நம்ம வீட்டுப் பொம்பளதான."

அக்கா சொம்பை மேயரின் மேசையில் வைத்தார். குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"ஐயா, பேப்பர்க்காரரு குடிச்சாராம், சுவையா இருந்துச்சாம். நீங்களும் ஒரு மடக்கு குடிங்க. எங்க சந்துத் தண்ணிதான்."

மேயர் குனிந்து பார்த்தார். நாற்றம் எட்டியிருக்க வேண்டும். முகம் ஒரு கணம் சுருங்கியது. நான் அந்த ஒரு கணத்துக்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தேன். பிறகு அவர் சொம்பை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தினார்.

"சேது, குடிச்சுக் காட்டுப்பா."

சேது என்னைப் பார்த்தான். அக்காவை வரவைத்தது நான்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுந்து, "வேண்டாம், அது சாக்கடைத் தண்ணீர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மன்றத்தில் பேச நிருபருக்கு உரிமை இல்லை என்று விதி இருக்கிறது. அன்றைக்கு அந்த விதி எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தேன். அவன் சொம்பை அண்ணாந்து தூக்கினான். மூன்று மடக்கு. எண்ணி எழுதிக்கொண்டேன்.

நாலாவது மடக்கில் மும்தாஜ் அக்காவே சொம்பைத் தட்டிவிட்டார். "போதும்யா! நீயும் ஒருத்தி பெத்த புள்ளதான?"

சேது வராந்தாவுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். மேயர் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க, உதவியாளர் சொம்பைத் தூக்கிக் குடிக்கும் படம் மறுநாள் காலைப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது. எங்கள் பத்திரிகையில் மட்டும் வரவில்லை. பத்து நாளில் அந்தச் சந்தில் குழாயைத் தோண்டியெடுத்துத் தனியாகப் பள்ளம் வெட்டிப் போட்டார்கள். அக்காவின் மகள் தேறி வீட்டுக்கு வந்தாள். மேயருக்கு "சொம்பு மேயர்" என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் நின்ற அடுத்த தேர்தலில் எதிராளிகள் சுவருக்குச் சுவர் சொம்புதான் வரைந்தார்கள், தோற்றார். கோரிப்பாளையம் டீக்கடையில் அந்தப் பெயரை முதலில் சொன்னது யார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு மாதம் கழித்துச் சேதுவுக்கு மஞ்சள்காமாலை கண்டது. மேயர் அலுவலகத்தில் அவனுக்குப் பதில் வேறு ஆள் வந்தாயிற்று. ஊரில் படுத்திருந்தான். அவன் அம்மா என்னைத் தேடிப் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்தார். கையில் வெற்றிலைக் கட்டு.

"ஒம்பேரத்தான் சொல்லிக்கிட்டே கெடக்கான். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்ப்பா."

"வாரேன்ம்மா" என்றேன்.

போகவில்லை. சோழவந்தானுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். மூன்று வாரம் அவன் படுத்திருந்தான். அந்த மூன்று வாரமும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. பிறகு அவன் தேறி, வேலை தேடி வடக்கே போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் அந்த மேயர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது. என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். சொம்புக் கதையை அவரே எடுத்தார், ஏதோ சின்ன வயசுக் குறும்பைச் சொல்வதுபோல. நான் கேட்டேன், "சேது இப்ப எங்க இருக்கான், தெரியுமாண்ணே?"

பாயசத்தைக் கலக்கிக்கொண்டே யோசித்தார். "சேதுவா? எந்த சேது?"

இலையை மூடிவிட்டு எழுந்தேன். மண்டபத்திலிருந்து நேரே சோழவந்தான் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்காக அந்தத் தண்ணீரைக் குடித்தாயோ அவனுக்கு உன் பேர்கூட ஞாபகம் இல்லையடா என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

கொடிக்கால் இருந்த இடத்தில் கல் நட்டு மனைகளாகப் பிரித்திருந்தார்கள். அவர்கள் வீடு இருந்த இடத்தில் இரண்டு மாடி வீடு. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அந்தம்மா செத்து வருசமாச்சுண்ணே. மகன் கொள்ளி வைக்க வந்ததுதான், அப்பவே வித்துட்டுப் போயிட்டாரு. போன் நம்பரெல்லாம் கொடுக்கலையே. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

 "ஒரே ரூம்ல இருந்தோம்" என்றேன்.