தடுப்பைக் கண்டதும்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரி வாகன நிறுத்தத்தில், ஒத்திகைக்காக ஒரு சோதனைச் சாவடி அமைத்திருக்கிறோம். ஆப்பிரிக்க நாடுகளில் அமைதிப்படையினருக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் தகராறைப் பேசித் தணிக்கப் பயிற்சி தருவதுதான் எங்கள் வேலை. அடுத்த வாரம் செனகல் போகிறோம். அந்த நாட்டுக்காரரான சார்ஜன்ட் மமடு, மரத்துப்பாக்கியோடு பனியில் நிற்கிறார். பயணிகளாக நடிப்பவர்கள் இந்த ஊர் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த தமிழர்கள். இருக்கையை விட்டு எழாமல் கத்தி ரகளை செய்யுங்கள் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

பேருந்து தடுப்பருகே நிற்கிறது. கத்தலே இல்லை. எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து பிடித்தபடி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

முன்னால் நிற்கும் ஜெசிந்தா அக்காவிடம் ஓடுகிறேன். "ஏங்க்கா இறங்கிட்டீங்க?"

அவர் தன் கையிலிருக்கும் அட்டையை அப்போதுதான் பார்க்கிறார். "ஐயோ தங்கச்சி, தடுப்பைக் கண்டதும் கால் தன்ரபாட்டில இறங்கிட்டுது. சண்டைக் காலத்தில மன்னாரில ஆமி மறிக்கேக்க இப்பிடித்தானே நிண்டனாங்கள்."

கத்துபவர்களைச் சமாளிக்கத்தான் மமடு தயாராகி வந்திருக்கிறார். இப்போது என்ன செய்வாரோ என்று அவரையே பார்க்கிறேன். அவர் துப்பாக்கியைக் கீழே வைக்கிறார். குளிராக இருக்கிறது, ஏறி உட்காருங்கள், நானே உள்ளே வந்து பார்க்கிறேன் என்று பிரெஞ்சில் சொல்கிறார்.

அக்கா நகரவில்லை. "உண்மையாத்தான் சொல்லுறாரோ?"

"ஆமாக்கா."

பையை மூடிக்கொண்டு ஏறுகிறார். மற்றவர்களும் ஏறுகிறார்கள். சற்று நேரத்தில் அக்காவின் ஜன்னல் திறக்கிறது.

"எவ்வளவு நேரம் மறிச்சு வைச்சிருப்பியள்? எங்களுக்கு வேற வேலை இல்லையோ?"

பேருந்தே சேர்ந்து கத்துகிறது. எனக்கு மூச்சு வருகிறது.