நீல நகமும் நர்ஸம்மாவும்

அறுபதுகளில், விருதுநகர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் பார்த்த நர்ஸம்மாவுக்கு நோயாளியின் முகம் முக்கியமில்லை. வந்ததும் கையைப் பிடித்து நகத்தைத்தான் பார்ப்பார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. அதைவிட விறைப்பான முகம்.

குடலிறக்க ஆபரேஷனுக்காகப் படுத்திருந்த என் கையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பத்து நகமும் நீலமாக மினுங்கின. திருத்தங்கல் அச்சகத்தில் மை கலக்கும் என் நண்பர், வார்னிஷில் நீலத்தையும் வெள்ளித்தூளையும் குழைத்து நகப்பூச்சு கண்டுபிடித்திருந்தார். பூசிப் பார்க்க எந்தப் பெண்ணும் கை நீட்டவில்லை. நான் நீட்டினேன். பரிசாக ஒரு குப்பியும் கிடைத்தது.

"எந்தக் கூத்துல ஆடப் போறீக?" என்றார் நர்ஸம்மா. "மயக்கத்துல மூச்சு முட்டுனா நகந்தான் நீலம் பாரிக்கும். இதுல நான் எதைப் பாக்க? செத்தாலும் மினுங்கிக்கிட்டுல்ல கெடப்பீக."

"அழகாயில்லையா சிஸ்டர்?"

பிளேடை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். "இந்த ஊர்ல வெடியில வெரலையே பறிகொடுத்துட்டு வாராக. உமக்கு நகத்துல சோக்கு கேக்குதோ?" தலையணைக்கடியில் நான் வைத்திருந்த குப்பியையும் பிடுங்கிக்கொண்டார்.

வீடு திரும்பிய அன்று பெண்கள் வார்டைக் கடந்தேன். பட்டாசு ஆலையில் கை வெந்த ஒரு பெண், கட்டுக்கு வெளியே மிஞ்சிய இரண்டு விரல்களை வெயிலில் நீட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நகங்கள் நீலமாக மினுங்கின. பக்கத்தில் குப்பியோடு நர்ஸம்மா.

என்னைக் கண்டதும் அதே கோபம். "என்ன பார்வை? இவளுக்கு இன்னைக்கு மயக்க மருந்து கெடையாது. வீடு போய்ச் சேருங்க."

அந்தக் கோபத்தில் எனக்கு எவ்வளவு, வெடிக்கு எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.